அறுபத்தொன்பது புள்ளி ஆறு

லா பாஸில் உதவித்தொகைப் பிரிவு
பல்கலைக்கழகத்தின் கீழ்த்தளத்தில்,
நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கிறது.
பதினோரு ஆண்டுகளாக அங்கே முத்திரை குத்துகிறேன்.
இயற்பியல் எனக்கு ஆகாது;
பள்ளியில் ஊசலை ஆட்டிவிட்டுத் தூங்கிப்போனவன்.
விதி மட்டும் தெரியும்:
சராசரி எழுபதுக்குக் கீழே போனால் தொகை நிற்கும்.
எழுபது என்றால் எழுபது.

செவெரினா ல்யாங்கிக்கு
அறுபத்தொன்பது புள்ளி ஆறு.

மேலே எல் ஆல்டோவிலிருந்து கம்பிவண்டியில் இறங்கி வருகிறவள்.
மாதம் பத்தாம் தேதிக்கு மேல்
நடந்தே இறங்குவாள் என்பது பின்னால்தான் தெரிந்தது.
இரவில் மலை உச்சியில் ஒரு கூடத்தில்
வானத்திலிருந்து விழும் துகள்களை எண்ணுகிறாளாம்.
"கண்ணுக்குத் தெரியுமா?" என்று ஒருமுறை கேட்டேன்.
"இப்போதுகூட உங்கள் கையைத்
துளைத்துக்கொண்டு போகிறது" என்றாள்.
கையைப் பார்த்தேன்.
மை இருந்தது.

மேல்முறையீடாக ஒரே ஒரு பக்கம் கொடுத்தாள்.
நோய் இல்லை அதில், கடன் இல்லை,
தம்பி தங்கைகள் எத்தனை என்ற கணக்கு இல்லை.
(கண்ணீருக்கு நாங்கள் தனிக் கோப்பே வைத்திருக்கிறோம்,
பச்சை அட்டை.)
இவ்வளவுதான் எழுதியிருந்தாள்:

"எந்த அளவீட்டுக்கும் பிழைவரம்பு உண்டு,
அதைச் சொல்லாத எண் பாதி எண் என்று
முதல் செமஸ்டரில் நீங்களே சொல்லித்தந்தீர்கள்.
என் மின்காந்தவியல் தாளை இருவர் திருத்தினார்கள்.
ஒருவர் அறுபத்தொன்று போட்டார், மற்றவர் அறுபத்தேழு.
அந்த ஆறு மதிப்பெண் அகலத்துக்குள்
எனக்குக் குறைகிற பத்தில் நாலை
எங்கே வைப்பீர்கள் என்று தெரிவிக்கவும்."

குழுவில் மூன்று பேர்.
தலைவர் அனடோலியோ கென்தா வாய்விட்டுச் சிரித்தார்.
"இந்தக் கடிதத்துக்கே எண்பது போடலாம்" என்றார்.
பிறகு பேனாவைத் திறந்து
மறுத்துக் கையெழுத்திட்டார்.
அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.
அந்த ஆண்டு மிஞ்சியிருந்தது ஒரு தொகை.
பட்டியலில் அடுத்த பெயர் ரூபெர்தோ,
எழுபது புள்ளி ஒன்று.
ரொட்டிக்கடையில் மாவு மூட்டைகளின் மேல் படுக்கிறவன்;
படிவத்தில் அவன் விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளை.
"அவன் எண்ணுக்கும் பிழைவரம்பு இருக்குமே"
என்று யாரோ முணுமுணுத்தார்கள்.
அதற்குள் காபி வந்துவிட்டது.

வியாழக்கிழமை வந்தாள்.
சண்டைக்குத்தான் என்று நினைத்து
நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டேன்.
"அந்தத் தாள் திரும்ப வேண்டும்" என்றாள்.
பின்பக்கத்தில் ஜூலை மாதத்து எண்ணிக்கை இருக்கிறதாம்.
எழுத வேறு தாள் இல்லையாம் அன்றைக்கு.

கோப்பில் சேர்ந்தது கோப்பை விட்டுப் போகாது.
அதுவும் விதி.
எழுந்து போய் நகல் எடுத்தேன்,
நகலைக் கோப்பில் வைத்தேன்,
அசலை அவளிடம் நீட்டினேன்.
அரை நிமிட வேலை.
உள்ளங்கை வியர்த்திருந்தது.

என் முத்திரை பின்பக்கம் வரை ஊறியிருந்தது.
நிராகரிக்கப்பட்டது, ஊதாவில், தலைகீழாக.
அதிகாலை மூன்று நாற்பதுக்கு எடுத்த எண்ணின்
கடைசி இலக்கத்தின் மேல் சரியாக உட்கார்ந்திருந்தது.
இருநூற்றுப் பதின்மூன்றா, பதினெட்டா?
ஜன்னலருகே தூக்கிப் பிடித்தாள்.
நானும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தேன்.
"ஞாபகம் இருக்குமே உனக்கு" என்றேன்.
"ஞாபகத்தை எழுதக் கூடாது" என்றாள்.

என் மேசையிலிருந்தே பேனாவை எடுத்தாள்.
வரிசையின் ஓரத்தில், எறும்பு எழுத்தில்:
இருநூற்றுப் பதினைந்தரை,
கூட்டல் கழித்தல் இரண்டரை.
பக்கத்துக் கட்டத்தில்,
பிழைக்குக் காரணம் என்ற இடத்தில்:
முத்திரை.

பேனாவை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு
மேடேறிப் போனாள்.
அன்று தேதி இருபத்திரண்டு.